புதிய வடிகட்டியும் பழைய பஞ்சும்

வீட்டில் பழைய பொருள் ஒன்றை அகற்றி அதன் இடத்தில் புதியதை வைக்கும்போது நம் உள்ளத்தில் ஒரு பெருமிதம் தோன்றுகிறது. அழுக்கு ஒழிந்தது, இரைச்சல் ஒழிந்தது என்று மகிழ்கிறோம். பழையதோடு சேர்ந்து வேறெதுவும் வெளியேறியதா என்று அவ்வேளையில் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. கேளாமற் போனதன் விலையை என் வீட்டு மீன்தொட்டி கொடுத்தது. அதனினும் மிகுதியாக என் உம்மா கொடுத்தார்கள்.

என் வாப்பா 2008ஆம் ஆண்டில் மண்ணடியிலிருந்த எங்கள் இரும்புச் சாமான் கடையை என்னிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெற்றார்கள். நாற்பது ஆண்டுகள் கல்லாவில் அமர்ந்திருந்த மனிதருக்கு வீட்டில் வெறுமனே உட்கார இயலவில்லை. ஒருநாள் கொளத்தூருக்குச் சென்று ஒரு கண்ணாடித் தொட்டியும் சில தங்கமீன்களும் வாங்கி வந்தார்கள். வண்ணமீன் வளர்ப்போர் எவருக்கும் கொளத்தூரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சென்னைக்கு வடமேற்கிலுள்ள அப்பகுதியில் மீன்களை இனப்பெருக்கம் செய்து வளர்ப்பதும் விற்பதும் பல குடும்பங்களின் வாழ்வாக இருக்கிறது.

தொட்டி மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஏறத்தாழ 120 லிட்டர் நீர் கொள்ளும். நாளடைவில் அதில் ஏழு தங்கமீன்கள் சேர்ந்தன. அந்த அளவுக்கு ஏழு என்பது மிகுதிதான் என்று இப்போது அறிவேன். ஆயினும் அவை செழித்து வளர்ந்தன. அதன் காரணத்தை நான் அன்று உணரவில்லை.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஞாயிறன்று காலை பசியாறி முடித்ததும், வாப்பா ரப்பர் குழாயால் தொட்டியிலிருந்து இரண்டு வாளி நீரை இறக்குவார்கள். அந்த வாளி நீரிலேயே வடிகட்டியின் நுரைப்பஞ்சை மூன்று நான்கு முறை பிழிந்து, பாதி அழுக்கோடு மீண்டும் செருகிவிடுவார்கள். வாளியில் மிஞ்சிய பழுப்பு நீர் முற்றத்துக் கறிவேப்பிலைச் செடிக்குச் செல்லும். பஞ்சைக் குழாயடியில் காட்டவே மாட்டார்கள். கோடைதோறும் லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருந்த தலைமுறையைச் சேர்ந்தவர்கள் அவர்கள். ஆகவே இதுவும் தண்ணீர்ச் சிக்கனம் என்றே எண்ணினேன்.

“கொஞ்சம் நல்லாக் கழுவினா என்ன வாப்பா? கறுப்பா இருக்கே” என்று ஒருமுறை கேட்டேன்.

“இது போதும் தம்பி. ரொம்பச் சுத்தம் பண்ணினா மீனுக்கு ஆகாது” என்றார்கள். ஏன் ஆகாது என்று அவர்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

2016ஆம் ஆண்டில் வாப்பா மௌத்தானார்கள். அதன்பின் தொட்டியை உம்மா ஏற்றுக்கொண்டார்கள். வாப்பா செய்ததைப் பார்த்துப் பார்த்து அறிந்தபடியே பஞ்சு பிழிவதும் நீர் மாற்றுவதும் நடந்தன. மாலை வேளையில் தொட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு அமர்ந்துவிடுவார்கள். அவர்கள் வந்ததும் ஏழு மீன்களும் கண்ணாடி ஓரம் கூடும். ஒரு சிட்டிகை தீனி போடுவார்கள். பிறகு விளக்கேற்றும் நேரம்வரை பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஒருமணி நேரத்தில் அவர்கள் முகத்தில் இருந்த அமைதியை வீட்டில் வேறெந்த நேரத்திலும் நான் கண்டதில்லை.

2018ஆம் ஆண்டில் அந்தப் பழைய வடிகட்டியின் மோட்டார் உறுமத் தொடங்கியது. உம்மாவுக்கு இரவில் உறக்கம் கெடுகிறதே என்று எனக்குக் கவலை. தொட்டிக்கு வெளியே, மேசையின் கீழ்த்தட்டில் வைக்கும் உருளை வடிவப் புது வடிகட்டி ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். உள்ளே அடுக்கடுக்காய்த் தட்டுகள், வெண்மையான பஞ்சு, பீங்கான் வளையங்கள் எல்லாம் இருந்தன. “பழைய சரக்கை எல்லாம் தூக்கிப் போட்டுடுங்க, இதுலயே எல்லாம் இருக்கு” என்றார் விற்றவர்.

ஒரு ஞாயிறு பகல் முழுவதும் உழைத்தேன். பழைய வடிகட்டியைக் கழற்றினேன். கறுத்துப் போயிருந்த பஞ்சைக் குப்பையில் எறிந்தேன். தொட்டி அடியிலிருந்த சிறு கற்களையும் அள்ளிக் குழாய் நீரில் வெள்ளை வெளேரென்று கழுவினேன். தொட்டி நீரில் பெரும்பகுதியை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்திருந்து திரும்ப ஊற்றினேன். நீர் பழையது, மீன்கள் பழையவை, ஆகவே மீன்களுக்கு எந்த மாற்றமும் தெரியாது என்று நம்பினேன்.

உம்மா பக்கத்தில் நின்றிருந்தார்கள். “அந்தப் பழசும் ஒரு மூலையில ஓடட்டுமே தம்பி. வாப்பா வச்சது” என்றார்கள்.

“ரெண்டு எதுக்கு உம்மா? கரண்டுக்குத்தான் தண்டம்” என்றேன். பழம்பொருள் மீதுள்ள பாசம் அப்படிப் பேச வைக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

முதல் இரண்டு நாட்கள் தொட்டி பளிங்குபோல் இருந்தது. இரைச்சலே இல்லை. மூன்றாம் நாள் நீர் பால் கலந்ததுபோல் மங்கியது. ஐந்தாம் நாள் காலை மீன்கள் தீனிக்கு வராமல் நீர்ப்பரப்பில் வாயை வைத்து மூச்சுக்குத் திணறின. அன்று மாலை ஒரு மீன் இறந்தது. மறுநாள் இரண்டு, அதற்கு மறுநாள் ஒன்று. நான்கையும் உம்மாவே எடுத்துக் கறிவேப்பிலைச் செடியின் அடியில் புதைத்தார்கள். என்னை அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. “நீ நல்லதுக்குத்தானே செஞ்சே” என்றார்கள். கடிந்திருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

மறுநாள் கடைக்குச் செல்லாமல் கொளத்தூருக்குச் சென்றேன். பல ஆண்டுகளாய் மீன் வளர்த்து விற்கும் பெரியவர் ஒருவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் மீன்களைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

“பழைய பஞ்சு எங்கே பாய்?” என்றார்.

“குப்பையில போட்டுட்டேன் ஐயா.”

“கல்லு?”

“குழாய்த் தண்ணியில கழுவிட்டேன்.”

அவர் சற்று நேரம் பேசவில்லை. “வீட்டைச் சுத்தம் பண்றேன்னு, வீட்டுல வேலை செஞ்சவங்களை எல்லாம் ஒரே நாள்ல வெளியே அனுப்பிட்டீங்க பாய்” என்றார்.

பிறகு அவர் விளக்கியதையும், நுண்ணுயிரியல் பயிலும் என் மகளின் பாடநூல்களிலிருந்து பின்னர் நான் அறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். மீன் மூச்சுவிடும்போதே அதன் செவுள்களின் வழியாக அம்மோனியா வெளியேறுகிறது. உண்ணாத தீனியும் கழிவும் அழுகி மேலும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர்கள் அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே, மீனின் குருதி உயிர்க்காற்றைச் சுமக்கவொட்டாமல் அது தடுக்கிறது. மற்றொருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட் பெரிதும் தீங்கற்றது, செடிக்கு உரமாவது. வாப்பாவின் கறிவேப்பிலைச் செடி அவ்வளவு தழைத்திருந்ததன் காரணத்தையும் அன்றுதான் அறிந்தேன்.

இந்த நுண்ணுயிர்கள் நீரில் மிதந்து திரிபவை அல்ல. பஞ்சின் துளைகளிலும் கற்களின் மேலும் கண்ணாடியிலும் ஒட்டிப் படிந்து வாழ்பவை. ஆகவே பழைய நீரைப் பத்திரப்படுத்தியதால் நான் காத்தது ஒன்றுமில்லை. மேலும் இவை மிக மெதுவாகப் பெருகுபவை. பாலைக் கெடுக்கும் சாதாரணக் கிருமிகள் அரைமணி நேரத்துக்குள் இரட்டிக்கும். இவை இரட்டிக்க ஏறத்தாழ ஒரு நாளாவது வேண்டும். வெறுமையான தொட்டியில் இவை முழுமையாக வேரூன்ற நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்கின்றன. குழாய் நீரிலுள்ள குளோரினோ இவற்றைக் கொல்வது. வாப்பா பஞ்சைத் தொட்டி நீரில் மட்டும் பிழிந்ததன் பொருள் எனக்கு விளங்கியது. நான் சிக்கனம் என்று எண்ணியது அறிவாயிருந்தது.

எங்கள் ஆழ்குழாய்க் கிணற்று நீரும் இத்துன்பத்தை மிகுவித்தது. நீரின் பி.எச். அளவு 7 ஆயிருந்தால் அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்கினும் குறைவே கொடிய வடிவில் இருக்கும். 8 ஆனால் ஏறத்தாழ ஐந்து பங்காகும். எங்கள் தொட்டியின் அளவு 8. அம்மோனியாவோ லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்று சோதனைக் குப்பி காட்டியது. இருக்க வேண்டிய அளவு சுழி.

பெரியவர் தம் தொட்டி ஒன்றிலிருந்து ஒரு வடிகட்டியை எடுத்தார். அதன் கறுத்த பஞ்சில் கையகலம் வெட்டி, அத்தொட்டியின் நீரோடு நெகிழிப் பையிலிட்டு, மீனைக் கட்டித் தருவதுபோலக் கட்டித் தந்தார். “நோயில்லாத தொட்டிப் பஞ்சு. காய விடாமக் கொண்டுபோய்ப் புது பில்டருக்குள்ள வச்சுடுங்க” என்றார். காசு கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். ஏழு நாட்களுக்கு முன் குப்பையில் எறிந்ததையே அன்று மடியில் வைத்துப் பேருந்தில் கொண்டுவந்தேன்.

உம்மாவிடம் அந்தப் பையைக் காட்டி விவரம் சொல்லத் தொடங்கினேன். நுண்ணுயிர், நைட்ரேட் என்று நான் தடுமாறிக் கொண்டிருக்கையிலேயே அவர்கள், “உறைமோர்னு சொல்லு” என்றார்கள்.

ஆம். அதைவிடத் தெளிவாக எவரும் சொல்லியிருக்க முடியாது. புத்தம் புதுச் சட்டியில் காய்ச்சிய பாலை ஊற்றி நாள் முழுதும் வைத்திருந்தாலும், பழைய மோர் ஒரு கரண்டி விடாமல் நம் வீட்டுத் தயிர் உறைவதில்லை. சட்டியை எத்துணை தேய்த்தாலும் உறைமோரைக் கொட்டுபவர் எவருமில்லை. பெரியவர் காசு வாங்கவில்லை என்றதும் உம்மா சொன்னார்கள்: “உறைமோருக்குக் காசு வாங்குற வழக்கம் எந்த ஊருல இருக்கு?”

எஞ்சிய மூன்று மீன்களைக் காக்க மூன்று வாரம் போராடினோம். நாள்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை, குளோரினை முறிக்கும் மருந்திட்ட புது நீரால் மாற்றினோம். முதல் நான்கு நாட்கள் தீனி போடவில்லை. பின்னர் ஒருநாள் விட்டு ஒருநாள் சிறிதளவு. காற்றுக்குமிழ் விடும் சிறு பம்பு ஒன்றையும் ஓடவிட்டோம். நைட்ரைட் ஏறியபோது லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் உப்பிட்டோம். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே உடலினுள் புகுவதைத் தடுக்கிறது. மூன்றாம் வார இறுதியில் இரு நஞ்சுகளும் சுழிக்கு இறங்கின. மூன்று மீன்களும் பிழைத்தன. அவற்றுள் ஒன்று, வாப்பா முதன்முதல் வாங்கிய பெரிய மீன்.

இந்த உண்மையை மனிதர் கண்டறிந்த வரலாறு என் தொட்டியின் கதையையே ஒத்திருக்கிறது. 1877ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர்களான ஷ்லோசிங், முன்ட்ஸ் ஆகிய இருவரும் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய நீண்ட குழாயின் வழியே சாக்கடை நீரை மெல்லச் சொட்டவிட்டனர். இருபது நாட்கள் அம்மோனியா சிறிதும் மாறாமல் வெளிவந்தது. அதன்பின் நைட்ரேட் தோன்றத் தொடங்கியது. குளோரோபாரம் ஆவியைச் செலுத்தியதும் அந்த வேலை நின்றது. ஆவியை அகற்றிய பின்னும் அது தானே மீளவில்லை. சிறிது மண் கரைத்த நீரை ஊற்றிய பிறகுதான் மீண்டும் தொடங்கியது. இது வெறும் இரசாயன மாற்றமன்று, உயிர்களின் உழைப்பு என்பது அவ்வாறு வெளிப்பட்டது. இருபது நாள் காத்திருப்பு, ஒரு நஞ்சு, பிறகு பழைய மண்ணின் ஒரு கரண்டி! கொளத்தூர்ப் பெரியவர் தந்த பஞ்சுத் துண்டும் அதுதானே?

இங்கிலாந்தில் இராபர்ட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர் 1850ஆம் ஆண்டிலேயே, மீனும் நீர்ச்செடியும் நத்தையும் ஒன்றையொன்று தாங்கி ஒரே தொட்டியில் வாழ்வதை ஆராய்ந்து எழுதினார். வீட்டு மீன்தொட்டிக்கு வழிகாட்டியவர்களுள் அவர் ஒருவர். அதே பெயர் கொண்ட அவருடைய மைந்தர், ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் இந்த மாற்றத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, அது இரு படிகளில் நிகழ்கிறது என்றும் படிக்கொரு வகை உயிர் வேலை செய்கிறது என்றும் காட்டினார். தந்தை தொட்டியை வைத்தார். அத்தொட்டி வாழ்வதன் மறைபொருளை மைந்தர் தேடினார். அந்த உயிர்களைத் தனியே பிரித்தெடுக்கும் பேறு 1890ஆம் ஆண்டையொட்டி வினோகிராட்ஸ்கி என்ற ருஷ்ய அறிஞருக்குக் கிட்டியது. இரண்டு படி வேலையையும் தான் ஒன்றே முடிக்கும் நுண்ணுயிரும் உண்டு என்பது 2015ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவ்வாண்டு அதனைக் கண்ட இரு குழுக்களுள் ஒன்று, மீன்வளர்ப்பு நிலையமொன்றின் வடிகட்டியிலிருந்தே அதைப் பெற்றது. நாம் அழுக்கென்று எறிவதில் அறிஞர் உலகம் புதுமை கண்டுகொண்டிருக்கிறது!

2023ஆம் ஆண்டில் அந்த உருளை வடிகட்டியின் மோட்டாரும் தளர்ந்தது. மீண்டும் புதியது வாங்க நேர்ந்தது. இம்முறை உம்மா சொல்ல வேண்டியிருக்கவில்லை. பழையதை அதன் இடத்திலேயே ஓடவிட்டுப் புதியதைத் தொட்டியின் மறுபக்கத்தில் பொருத்தினேன். இரண்டும் ஆறு வாரங்கள் சேர்ந்து ஓடின. அந்நாட்களில் அடிக்கற்களைத் தொடவில்லை. புது மீன் எதுவும் சேர்க்கவில்லை. ஏழாம் வாரம் பழையதன் பஞ்சைத் தொட்டி நீரில் மெல்ல அலசி, ஈரம் உலராமல் புதியதன் தட்டில் வைத்தேன். அதன் பின்னரே பழையதை நிறுத்தினேன். அடுத்த ஒரு வாரம் தீனியைப் பாதியாகக் குறைத்து, இரண்டு நாளுக்கொருமுறை நீரைச் சோதித்தேன். அம்மோனியாவும் இல்லை, நைட்ரைட்டும் இல்லை. மீன்களுக்கு மாற்றம் நிகழ்ந்ததே தெரியவில்லை.

இரண்டு வடிகட்டிகளை ஓடவிட இடமில்லாதோர் பழைய பஞ்சையாவது அப்படியே புதியதனுள் வைக்க வேண்டும். மின்சாரம் பல மணி நேரம் நின்றுவிட்டால், மூடிய வடிகட்டிக்குள் உயிர்க்காற்று தீர்ந்து உள்ளிருப்பவை மடிந்து அழுகத் தொடங்கும். ஆகவே மின்சாரம் வந்ததும் உடனே ஓடவிடாமல், உள்ளே தேங்கிய நீரைக் கொட்டி, பஞ்சைத் தொட்டி நீரில் அலசிய பின்னரே ஓடவிட வேண்டும்.

இத்துடன் என் சொந்தக் குறை ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். 2008ஆம் ஆண்டில் கடைப் பொறுப்பை ஏற்ற முதல் மாதத்திலேயே, வாப்பாவிடம் இருபத்தைந்து ஆண்டுகள் பணிபுரிந்த கணக்கப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கணினி வாங்கி வைத்தேன். எந்த வாடிக்கையாளர் அறுவடைக்குப் பின் பணம் தருவார், எவரிடம் கேட்டால் மனம் நோவார், எவருக்குக் கடன் ஆகாது என்பதெல்லாம் அந்த மனிதரின் நினைவில் இருந்தன, பேரேட்டில் இல்லை. பல நல்ல வாடிக்கைகளை இழந்த பிறகே அதனை உணர்ந்தேன். வாப்பா அன்றும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. இப்போது என் மகன் கடைக்கு வரத் தொடங்கியிருக்கிறான். அவனுக்குப் புதிய திட்டங்கள் பல உண்டு. அவற்றில் நல்லனவும் உண்டு. எங்கள் பழைய ஊழியர் இருவரையும் அவன் பக்கத்திலேயே அமர்த்தியிருக்கிறேன். எத்தனை நாள் என்று அவன் கேட்டான். தொட்டிக்கு ஆறு வாரம், கடைக்குச் சற்றுக் கூடுதல் என்றேன்.

சென்ற மாதம் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் வந்தான். புதிதாகத் தொட்டி வாங்கியிருக்கிறானாம். நீர் வெள்ளையாய் மங்குகிறதாம். எங்கள் வடிகட்டியைத் திறந்து, கறுத்த பஞ்சில் கையகலம் வெட்டி, தொட்டி நீரோடு பையிலிட்டுக் கட்டினேன். பையன் சட்டைப் பையில் கைவிட்டு, “எவ்வளவு மாமா?” என்றான்.

தொட்டிக்கு எதிரே நாற்காலியில் அமர்ந்திருந்த உம்மா எனக்கு முன்னரே பதில் சொல்லிவிட்டார்கள்: “உறைமோருக்கு எதுக்கு வாப்பா காசு? காய விடாமக் கொண்டுபோ.”